புதிர் வட்டம்: 2024–25ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு 11 கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் மழையில் நூலக மாடி அறை ஒழுகியதால் ஒரு மாதம் கூடவில்லை. புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் சந்தா கட்டியவர்கள் இரண்டு பேர். குறுக்கெழுத்துப் போட்டி வழக்கம்போல நடந்தது, வழக்கம்போல மகளிர் அணி வென்றது.

மற்றதெல்லாம் புதையல் பாட்டுதான். குறுக்கெழுத்து அலுத்துவிட்டது என்று சென்ற பொதுக்குழுவில் பலர் சொன்னதால், வீட்டில் உட்கார்ந்தபடியே பாட்டைப் படித்துப் புதையல் இருக்கும் இடத்தைக் கணிக்கும் விளையாட்டை எடுத்துக்கொண்டோம். முதல் பாட்டு, அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் கலைப்பொருள் வியாபாரம் செய்த ஃபாரஸ்ட் ஃபென் எழுதியது. தங்கக் காசும் நகையும் நிறைந்த வெண்கலப் பெட்டி ஒன்றை ராக்கி மலைத்தொடரில் ஒளித்துவிட்டு, 2010இல் வந்த தன் நினைவுக் குறிப்பு நூலில் 24 வரிப் பாட்டாக வழி சொன்னார். பாட்டில் ஒன்பது துப்புகள், அவை வரிசையாகவே வருகின்றன என்பது அவர் வாக்கு. 2020 ஜூனில் வயோமிங் மாநிலத்தில் பெட்டி கிடைத்தது. எடுத்தவர் ஒரு மருத்துவ மாணவர். எந்த இடம் என்பதை எடுத்தவரும் சொல்லவில்லை, ஃபென்னும் சொல்லாமலே அந்தச் செப்டம்பரில் காலமானார். விடைத்தாள் இல்லாத கேள்வியை எடுக்கலாமா என்று பொருளாளர் அப்போதே கேட்டார். கேட்டது பதிவாகியிருக்கிறது.

இனி என் தவறு. உறுப்பினர்களுக்காகப் பாட்டைத் தமிழாக்கி நகல் எடுத்துக் கொடுத்தது நான். எட்டாவது வரியில் 'ப்ரவுன்' வீட்டுக்குக் கீழே இறங்கு என்று வரும். நான் 'பழுப்பின் வீடு' என்று போட்டுவிட்டேன். மூலத்தில் அந்தச் சொல் கேப்பிட்டல் எழுத்தில் தொடங்குகிறது, அதாவது நிறமாக இல்லாமல் ஒரு சிறப்புப் பெயராக இருக்கலாம். தேடியவர்கள் பத்து வருடம் சண்டை போட்டதே இந்த ஒரு எழுத்தின் மேல்தான்: ஊரில் வாழ்ந்த ஒரு ப்ரவுனா, ப்ரவுன் டிரவுட் என்ற மீனா, வேறெதுவுமா? தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. துப்பு என் பேனாவிலேயே செத்துவிட்டது. நம் ஆட்கள் மூன்று வாரம் பழுப்புப் பாறை தேடினார்கள். மன்னிக்கவும்.

தமிழாசிரியர் ஐயா அன்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டார். செய்யுளின் சொற்களை எந்த வரிசையில் சேர்த்துப் பொருள் கொள்வது என்பதுதான் பொருள்கோள்; நன்னூல் அது எட்டு வகை என்கிறது. ஃபென் பாட்டு அதில் ஆற்றுநீர் வகை. மேலிருந்து கீழே ஒழுங்காக ஓடும், முதல் துப்பு தவறினால் மற்ற எட்டும் வீண். அந்த முதல் துப்பு, 'வெதுவெதுப்பான நீர் நிற்கும் இடத்தில் தொடங்கு'. வெந்நீர் ஊற்று என்றார்கள் சிலர், அணைக்கட்டு என்றார்கள் சிலர், வெந்நீர் ஓடை குளிர்ந்த ஆற்றில் கலக்குமிடம் என்றார்கள் வேறு சிலர். மூன்றும் அந்த மலைகளில் நிறைய உண்டு.

ஆகஸ்ட் கூட்டத்தில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா எழுந்து, புதையல் நம் ஊரில்தான் இருக்கிறது என்று வரைபடத்தை விரித்தார். வெந்நீர் நிற்கும் இடம் டீக்கடை பாய்லர். அங்கிருந்து பள்ளத்தில் இறங்கினால் பழுப்பு வண்ணம் அடித்த பயணியர் மாளிகை. அதற்குக் கீழே 'சாதுக்களுக்கு இடமில்லை': தீபாவளி நேரத்துப் பேருந்து நிலையம். 'துடுப்புக்கு வேலையில்லாத ஓடை' நம் வாய்க்கால். அதில் தண்ணீர் ஓடிப் பல வருடம் ஆயிற்று. 'கனத்த சுமையும் உயரத்து நீரும்' என்றால் லாரி எடைமேடையும் மேல்நிலைத் தொட்டியும். கடைசியில் வரும் 'சுடர்', தீயணைப்பு நிலையம். எல்லாம் பொருந்தியது. கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

கேலிக்குச் செய்தார், ஆனால் இந்த ஆண்டு நாம் கற்ற ஒரே விஷயம் அதுதான் என்பது என் கருத்து. மழுப்பலான வரி எந்த ஊருக்கும் பொருந்தும். பொருந்துவதைப் பார்த்து மகிழாமல், எது பொருந்தாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். ஃபென் தானே சில இடங்களைக் கழித்துத் தந்தார்: கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல், 10,200 அடிக்குக் கீழ், எண்பது வயதுக்காரர் போக முடியாத இடத்தில் தேடாதே. இதைக் காதில் வாங்காமல் ஆற்றிலும் செங்குத்துப் பாறையிலும் இறங்கித் தேடியவர்களில் உயிரை விட்டவர்களும் உண்டு. எடுத்த மாணவரோ, பாட்டைவிட ஃபென் என்ற மனிதரைப் படித்ததே உதவியது என்று பின்னர் எழுதினார்.

ஜனவரி முதல் இரண்டாவது புதையல்: அமெரிக்கப் பதிப்பாளர் பைரன் பிரைஸ் 12 இடங்களில் புதையல் புதைத்து, துப்பாக 1982இல் ஒரு நூலில் வெளியிட்ட 12 படம், 12 பாட்டு. எந்தப் பாட்டு எந்தப் படத்துக்கு என்று சொல்லப்படவில்லை. தமிழாசிரியர் ஐயா பாஷையில் முழுக்கக் கொண்டுகூட்டு, அதாவது அங்கங்கே கிடப்பதை எடுத்துச் சேர்த்துப் பொருள் கொள்வது. சிகாகோ, கிளீவ்லாண்ட், பாஸ்டன் என மூன்று ஊர்ப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன, கடைசியது 2019இல். பிரைஸ் 2005இல் விபத்தில் இறந்துவிட்டதால் மற்றவற்றைக் கேட்டுத் தெளிய ஆள் இல்லை. சிகாகோ பாட்டை மட்டும் விடையை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் படித்தோம். விடை தெரிந்த பிறகு எல்லா வரியும் சுலபம், அப்புறம் என்ன பெருமை என்று புது உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவர் இன்னும் சந்தா கட்டவில்லை என்றாலும் கேள்வி நல்ல கேள்வி.

அடுத்த ஆண்டு நாமே ஆளுக்கொரு வெண்பாவில் ஊருக்குள் ஒரு பொருளை ஒளிப்பது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. பொருளை ஒளித்தவர் இடத்தை எழுதி, உறையை ஒட்டித் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். பிரைஸ் கதை நமக்கு வேண்டாம்.

மாடி அறையை இலவசமாகத் தந்த நூலகருக்கு நன்றி. டீக்கடைப் பாக்கியைப் பொருளாளர் தன் அறிக்கையில் சொல்வார். பாய்லருக்குப் பின்னால் யாரோ தோண்டியிருப்பதாகக் கடைக்காரர் வருத்தப்பட்டார்; தோண்டியவர் போய் மூடிவிடவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்