பெர்ம் தள்ளிப்போடும் நம்மவர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் கன்சல்டிங் நிறுவனம் நடத்தும் தமிழ் முதலாளிகளுக்கும், அங்கே எச்ஆர் பொறுப்பில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கும் வணக்கம்.

"ஒரு வருஷம் வேலை பார்க்கட்டும், அப்புறம் கிரீன் கார்டு பற்றிப் பேசலாம்." உங்களில் பலர் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறீர்கள். அதனால் தள்ளிப்போவது கிரீன் கார்டின் முதல் படியான பெர்ம், அதாவது அந்த வேலைக்குத் தகுந்த அமெரிக்க ஊழியர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று. ஆள் நிலைப்பாரா என்று பார்க்க வேண்டாமா என்பது உங்கள் நியாயம். ஆனால் அந்த ஒரு வருஷத்தின் விலையைக் கொடுப்பவர் நீங்கள் அல்ல.

வேலைவாய்ப்பு வழியிலான கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கணக்குக்குள்தான். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் 7 சதவீதம் என்பது பொது வரம்பு. யாருக்கு இப்போது முறை என்று மாதாமாதம் சொல்வது விசா புல்லட்டின். 2025 முழுவதும் வந்த புல்லட்டின்களில் இந்தியாவுக்கான இபி-2 (முதுகலை அல்லது அதற்கு ஈடான தகுதி), இபி-3 (அதற்குக் கீழான தகுதி) வரிசைகள் 2012, 2013ஆம் ஆண்டுகளிலேயே நின்றன. அதாவது, அந்த ஆண்டுகளில் இடம் பிடித்தவர்களுக்குத்தான் அப்போது முறை. இந்த வரிசையில் ஒருவருக்கு இடம் பிடித்துத் தருவது வேலையில் சேர்ந்த தேதி அல்ல, ஐ-140 (பெர்முக்குப் பின் குடிவரவுத் துறையிடம் நிறுவனம் போடும் மனு) ஒப்புதலான தேதியும் அல்ல. பெர்ம் விண்ணப்பம் தொழிலாளர் துறைக்குப் போய்ச் சேரும் நாள்தான் அவருடைய பிரியாரிட்டி டேட், அதாவது வரிசையில் அவர் நிற்கும் தேதி. வரிசை ஒரு வருஷத் தூரம் நகர ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும்போது, நீங்கள் தள்ளிப்போடும் பன்னிரண்டு மாதம் அவருக்கு எத்தனை மாதமாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருடைய பிள்ளைக்கு இப்போது எட்டு வயது என்றால் அந்தக் கணக்கு இன்னும் உறைக்கும். ஐ-140 நிலுவையில் கிடந்த நாட்களைக் கழித்த பிறகும் 21ஐத் தாண்டிவிட்ட பிள்ளை, பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து வெளியே விழுந்துவிடும்.

இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. 2022 அக்டோபர் 1 அன்று எச்-1பி வேலை விசாவில் நுழைந்தவருக்கு அதற்குரிய ஆறு வருஷம் 2028 செப்டம்பர் 30 அன்று முடிகிறது. அதற்கு மேல் ஒரு வருஷ நீட்டிப்பு வேண்டுமென்றால் பெர்ம் போட்டு 365 நாள் ஆகியிருக்க வேண்டும். ஐ-140 ஒப்புதலாகிப் பிரியாரிட்டி டேட் இன்னும் வரவில்லை என்றால் மூன்று வருஷம் கிடைக்கும். ஆக, பெர்ம் 2027 செப்டம்பருக்குள் போயாக வேண்டும். அதற்கு முன்னால் ப்ரிவெய்லிங் வேஜுக்கு (அந்த வேலைக்குத் தொழிலாளர் துறை நிர்ணயிக்கும் சம்பளத்துக்கு) ஆறு மாதம், விளம்பரத்துக்கும் காத்திருப்புக்கும் மூன்று மாதம் வையுங்கள். 2026 முடிவதற்குள் அந்தச் சம்பளத்தைக் கேட்கும் 9141 படிவம் போய்விட வேண்டும். அப்போதும் மூச்சுவிட இடம் இருக்காது. பெர்ம் மறுக்கப்பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நாள் கிடையாது. ஊழியர் விடுமுறைக்காக அமெரிக்காவுக்கு வெளியே இருந்த நாட்களை ஆறு வருஷத்தோடு திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு சின்ன ஆறுதல். அதற்கு விமானச் சீட்டு, பாஸ்போர்ட் முத்திரை, ஐ-94 நுழைவுப் பதிவு எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

இனி, எங்கே கோப்பு கெடுகிறது என்ற கதைக்கு வருவோம். பெரும்பாலும் கெடுவது விளம்பரத்தில் அல்ல, அதற்கு முன்னால், தகுதிகளை எழுதும் மேசையில்.

2023 ஜூன் முதல், பெர்முக்கான புதிய 9089 படிவம், வேலையின் விவரத்தையும் தகுதியையும் 9141இலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பெர்ம் போடும்போது சரிசெய்துகொள்ளலாம் என்ற பழைய பழக்கம் இனி நடக்காது. எனவே ஊழியரின் அனுபவக் கடிதங்கள் 9141 போகும் முன்பே உங்கள் மேசைக்கு வந்திருக்க வேண்டும். நீங்கள் ஜாவா, ஸ்பிரிங், ஆரக்கிள் மூன்றும் வேண்டும் என்று எழுதுகிறீர்கள். அவர் முன்பு வேலை பார்த்த இடத்துக் கடிதத்தில் ஜாவா மட்டும் இருக்கிறது. ஐ-140இல் மாட்டுவது இங்கேதான். கேட்ட ஒவ்வொரு திறமையும் உங்களிடம் சேருவதற்கு முன்பே அவருக்கு இருந்தது என்று காட்ட வேண்டும். உங்களிடம் வந்து கற்றுக்கொண்டது பொதுவாகக் கணக்கில் வராது. பழைய வேலையும் புதிய வேலையும் பாதிக்கு மேல் வேறுபட்டால் மட்டும் விதிவிலக்கு.

இந்திய நிறுவனங்கள் தரும் ரிலீவிங் லெட்டரைப் பார்த்திருப்பீர்கள். சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, "எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்". இது போதாது. முழுநேர வேலை என்ற சொல், செய்த பணிகள், பயன்படுத்திய மென்பொருட்கள், லெட்டர்ஹெட், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் வேண்டும். அந்த எச்ஆர் தர மறுத்தால் அப்போதைய மேலாளரிடமோ உடன் வேலை பார்த்தவரிடமோ பிரமாண வாக்குமூலம் வாங்கலாம். ஆனால் அதோடு அவர்கள் சேர்ந்து வேலை பார்த்ததற்கான சான்றும், கடிதம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கான தடயமும் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் இரண்டு மாதம் ஓடிவிடும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

படிப்பும் அப்படித்தான். மூன்று வருஷ பி.எஸ்ஸி., பி.காம். மட்டும் வைத்திருப்பவருக்கு, இளங்கலையும் ஐந்து வருஷ அனுபவமும் என்று இபி-2 போட்டால் கல் தடுக்கும். அங்கே எதிர்பார்ப்பது நான்கு வருஷ இளங்கலைக்கு ஈடான ஒற்றைப் பட்டம். அதோடு ஒரு டிப்ளமோவை ஒட்டுப்போட்டு ஒப்பேற்ற முடியாது.

விளம்பர விதிகளை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றாலும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 30 நாள் பதிவு, இரண்டு வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாள் விளம்பரம், அலுவலகத்தில் தொடர்ந்து 10 வேலைநாட்கள் அறிவிப்பு, தொழில்முறை வேலைகளுக்குக் கூடுதலாக மூன்று வழிகள். எல்லாம் முடிந்து 30 நாள் பொறுத்து, முதல் விளம்பரத்திலிருந்து 180 நாளுக்குள் பெர்ம் போக வேண்டும். கூடுதல் வழிகளில் ஒன்றே ஒன்று மட்டும் அந்த 30 நாளுக்குள் நடக்கலாம். அலுவலக அறிவிப்பை ஒட்டியவர் எந்தத் தேதியில் ஒட்டி எந்தத் தேதியில் எடுத்தார் என்று கையெழுத்துப் போட்டு வைக்காமல், தொழிலாளர் துறையின் ஆடிட் வந்ததும் தேடுவது வழக்கமாகிவிட்டது. கோப்பை ஐந்து வருஷம் காக்க வேண்டும். வந்த விண்ணப்பங்களை அந்த ஊழியரிடமே கொடுத்து "நீயே பார்த்துத் தள்ளு" என்று சொல்லும் இடங்களும் உண்டு. அது ஒன்றே கோப்பைக் கவிழ்க்கப் போதும். அதே பகுதியில், அதே வகை வேலையில் கடந்த ஆறு மாதத்துக்குள் ஆட்குறைப்பு செய்திருந்தால், வெளியேறிய அமெரிக்க ஊழியர்களுக்குத் தகவல் சொல்லி, அவர்களைப் பரிசீலித்த சான்று வேண்டும்.

சிறிய நிறுவனங்கள் அதிகம் அடிபடுவது சம்பளம் தரும் சக்தி என்ற இடத்தில். பெர்மில் எழுதிய சம்பளத்தைப் பிரியாரிட்டி டேட் நாளிலிருந்து தர முடியும் என்று வருமான வரிக் கணக்கால் நிரூபிக்க வேண்டும். நிகர லாபம், நிகர நடப்புச் சொத்து, இல்லையென்றால் அவருக்கு உண்மையிலேயே தந்த சம்பளம், இந்த மூன்றில் ஒன்று. ஒரே வருஷத்தில் இருபது பேருக்கு ஐ-140 போட்டுவிட்டு, வரியைக் குறைக்க லாபத்தைத் துடைத்துக் காட்டினால் இருபது பேரின் கணக்கையும் சேர்த்துக் கேட்பார்கள். ஆடிட்டர் ஒரு பக்கம் இழுக்கிறார், வக்கீல் மறுபக்கம் இழுக்கிறார், நடுவில் கிழிவது ஊழியரின் கோப்பு.

பணத்தைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். பெர்முக்கான வக்கீல் கட்டணம், விளம்பரச் செலவு எதையும் ஊழியரிடம் வாங்கக் கூடாது. 2007 ஜூலை 16 முதல் இதுதான் விதி. சம்பளத்தில் பிடித்தாலும், வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கினாலும் அதே தவறுதான். "எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்" என்பது தொழிலாளர் துறையின் முன் பதிலாகாது. எச்-1பி மனுவின் பயிற்சிக் கட்டணமும் உங்களுடையதுதான். 25 பேர் வரை இருந்தால் 750 டாலர், அதற்கு மேல் 1,500.

வேலைக்குச் சேர்க்கும் நாளில் ஒரு கேள்வி கேளுங்கள்: கணவனோ மனைவியோ எந்த நாட்டில் பிறந்தவர்? வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. திருச்சியில் பிறந்தவரின் மனைவி யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ பிறந்தவர் என்றால் அவர் மனைவியின் நாட்டு வரிசையில் நிற்கலாம். பத்து வருஷத்துக்கு மேல் மிச்சமாகும் விஷயம் இது. எச்ஆர் படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை.

பெயர் இன்னொரு தலைவலி. பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, விசாவில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை). கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பமான ஐ-485 படிவத்தில் "வேறு பெயர்கள்" என்ற இடத்தில் எல்லா வடிவத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, நாங்கள் கெஞ்சியே கேட்பது. ஊழியர் விலகினால் கோபத்தில் ஐ-140ஐத் திரும்பப் பெறாதீர்கள். ஒப்புதலாகி 180 நாளுக்கு முன் திரும்பப் பெற்றால், அவருடைய பிரியாரிட்டி டேட் பொதுவாகத் தப்பிவிடும். ஆனால் ஆறு வருஷத்துக்கு மேலான எச்-1பி நீட்டிப்புக்கும் மனைவியின் எச்-4 இஏடிக்கும் (வேலை அனுமதிக்கும்) அந்த ஐ-140 உதவாது. ஆட்குறைப்பு என்றால், வேறு வழி தேட அவர் கையில் இருப்பது அதிகபட்சம் 60 நாள். 180 நாள் முடிய இன்னும் மூன்று வாரம்தான் என்றால் அந்த மூன்று வாரம் பொறுங்கள். உங்களுக்கு அதில் ஒரு காசு செலவில்லை.

ஒப்புதல் வந்த அன்றே ஐ-140 அறிவிப்பின் பிரதியையும், சான்றளிக்கப்பட்ட பெர்மின் பிரதியையும் அவருக்கு அனுப்புங்கள். "அது கம்பெனி டாக்குமெண்ட்" என்று மறைத்து வைப்பதால் அவர் போகாமல் இருக்கப்போவதில்லை. ரசீது எண்ணாவது இருந்தால்தான் அடுத்த நிறுவனத்தின் வக்கீல் பழைய தேதியைக் கேட்டு வாங்க முடியும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று காத்திராமல், கேட்காமலே அனுப்பிவிடுங்கள். ஒரு பிடிஎஃப், ஒரு மின்னஞ்சல்.

இப்படிக்கு,
இந்தக் கோப்புகளோடு நாள்தோறும் புழங்குகிறவர்கள்