வெள்ளிக்கிழமை, இரவு எட்டு ஐம்பது

பிரிஸ்டல்
17 மார்ச் 2010, புதன் இரவு

அன்புள்ள சேது,

பொங்கல் முடிந்த கையோடு நீ எழுதிய கடிதத்துக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். இரண்டு மாதம் ஆகிவிட்டது. இதயத் துடிப்பு தாளம் தப்புகிறது என்று டாக்டர் சொன்னதை நீ நான்கு வரியில் முடித்துவிட்டு, ஐந்தாம் வரியில் மாடித் தோட்டத்துப் புடலங்காய்க்குப் போய்விட்டாய். அந்த நான்கு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவர் பேசுகிற மாதிரியே வார்த்தைகள் வந்தன. அழித்துவிட்டு எழுந்துவிடுவேன். என்னை மன்னித்துவிடு.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு லீட்ஸில் வேலை கிடைத்துவிட்டது. குளிர் இன்னும் போகவில்லை. இவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

நாளை மறுநாள் செல்டன்ஹாமில் கோல்டு கப், தடைதாண்டும் குதிரைகளின் பெரிய பந்தயம். டிக்கெட் என் சட்டைப் பையில் இருக்கிறது. டிசம்பரில் கிங் ஜார்ஜ் பந்தயத்தைப் பார்த்துவிட்டு நீ ஒரே ஒரு வரி அனுப்பினாய், நினைவிருக்கிறதா? “கதை முடிந்தது, கௌட்டோதான்” என்று. அன்றே உனக்குப் பதில் சொல்லியிருக்கவேண்டும். கௌட்டோ ஸ்டார் அன்று 36 குதிரை நீள இடைவெளியில் ஜெயித்தது. தொடர்ந்து நான்காவது கிங் ஜார்ஜ். தொலைக்காட்சித் திரைக்குள் இரண்டாவது குதிரையே வரவில்லை. அதைப் பார்த்த யாரும் உன்னைப்போலத்தான் சொல்வார்கள். இந்த நாடு முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நான் உன்னோடு சண்டை போடப்போகிறேன். வாத்தியார் கிண்டிப் பந்தய மைதானத்தில் கற்றுக்கொடுத்ததை நீ மறந்துவிட்டாய்.

கௌட்டோவுக்கு எதிராக நான் நிறுத்துவது டென்மனை. இரண்டும் 2000ல் பிறந்தவை. இரண்டுக்கும் பயிற்சியாளர் ஒருவரே, பால் நிக்கல்ஸ். சாமர்செட்டில் டிச்சீட் என்ற சின்ன கிராமம். ஒரே லாயம், அடுத்தடுத்த கொட்டடி. காலையில் ஒன்று தலையை நீட்டினால் மற்றது பார்க்கும். நான் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, சாணி வாசனை, அவ்வளவுதான் ஊர். உலகத்தின் முதல் இரண்டு தடைதாண்டும் குதிரைகளும் இந்தத் தெருவில்தான் கொள்ளு தின்கின்றன என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கௌட்டோ பிரான்சில் பிறந்தது. அங்கே அதற்கு ‘வேற்றுக் கிரகவாசி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நெற்றியிலிருந்து மூக்குவரை வெள்ளைப் பட்டை, வேலிக்கு முன் கொக்கு மாதிரி அளந்து நிற்கும் கண், எடுத்தவுடன் பாய்ச்சல். டென்மன் அயர்லாந்துக் குதிரை. பெரிய உடம்பு, செம்பழுப்பு நிறம். ‘டாங்க்’ என்று கூப்பிடுகிறார்கள், அது பொருத்தமான பெயர்தான். அதன் வழியே வேறு. முன்னால் போய் வேகத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் வருகிற குதிரைகளுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காது. டென்மனின் சொந்தக்காரர் இருவர். ஒருவர் பால்பண்ணைக்காரர், பாலாடைக்கட்டி செய்கிறவர், நிக்கல்ஸின் லாயம் இருக்கும் நிலமே அவருடையது. ஆயிரம் பசு கறக்கவேண்டும், ஒரு கோல்டு கப் ஜெயிக்கவேண்டும், இந்த இரண்டும்தான் வாழ்க்கையில் ஆசை என்று சொன்னவர். இன்னொருவர் பந்தயம் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். உழைப்பவனும் பந்தயக்காரனும் ஒரே குதிரையில் பாதிப் பாதி. வாத்தியார் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

2007 கோல்டு கப்பைக் கௌட்டோ ஜெயித்தது. 2008ல் டென்மன் வந்து கௌட்டோவை 7 நீளத்தில் வீழ்த்தியது. அந்தப் பந்தயத்தை நான் பார்த்தவன், சேது. கடைசிச் சுற்று முழுவதும் டென்மன் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஜாக்கி ரூபி வால்ஷ் கௌட்டோவைக் கெஞ்சிக் கெஞ்சித் தள்ளுகிறார், இடைவெளி குறையவே இல்லை. மூன்றாவதாக வந்ததும் நிக்கல்ஸின் குதிரைதான். 2009ல் கௌட்டோ திரும்பி வந்து 13 நீளத்தில் ஜெயித்தது. கோப்பையை இழந்துவிட்டு அதை மீட்ட குதிரை அதற்கு முன் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதாக வந்தது டென்மன். ஆக இந்தக் கோப்பையில் இரண்டும் மோதியதில் ஆளுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை தீர்ப்பு.

நீ 2009 முடிவைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறாய்? 13 நீளம் என்பது தெளிவான தோல்விதான். அந்த 13 நீளத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2008 இலையுதிர் காலத்தில் டென்மன் பயிற்சியில் சோர்ந்து நின்றது. பரிசோதித்துப் பார்த்தபோது இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று தெரிந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். உன் டாக்டர் உனக்கு எழுதிக்கொடுத்த அதே பெயர். சிகிச்சை செய்து துடிப்பைச் சீராக்கினார்கள். பிப்ரவரியில் ஒரு பந்தயத்தில் இறக்கினார்கள், மோசமாகத் தோற்றது. முடிந்துவிட்டது, ஓய்வு கொடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் பேசினார்கள். ஒரு மாதம் கழித்து கோல்டு கப்பில் ஓடி இரண்டாவது இடம் பிடித்தது. அந்தப் 13 நீளம் அப்படி வந்தது.

அதற்கடுத்து ஏப்ரலில் எய்ன்ட்ரீயில் விழுந்தது. மறுபடியும் முடிந்தது என்றார்கள். போன நவம்பரில் நியூபரியில் ஹென்னெசி பந்தயம். ஹேண்டிகேப் என்பதால் நல்ல குதிரை அதிக எடையைச் சுமக்கவேண்டும். 11 ஸ்டோன் 12 பவுண்டு, அதாவது 75 கிலோ. டென்மன் அதைச் சுமந்துகொண்டு ஜெயித்தது. 2007ல் இதே எடையோடு இதே பந்தயத்தை ஜெயித்த அதே குதிரை, இடையில் இதயம் தடம்புரண்டு மீண்ட குதிரை. நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

குதிரைக்கு நடந்தது உனக்கும் நடக்கும் என்று சொல்லவரவில்லை. குதிரையின் இதயமே நான்கு கிலோ இருக்கும், உன் உடம்பு உன் டாக்டருக்குத்தான் தெரியும். ஆனால் ஜனவரியில் உன் கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது தெம்பு கொடுத்தது அந்த நவம்பர் பந்தயம்தான். எழுந்துபோய் அதை மறுபடி போட்டுப் பார்த்தேன். துடிப்பைச் சீராக்க ஒரு சிகிச்சை இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். யோசித்தாயா? தங்கை போனில் பேசியபோது, நீ தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாய் என்று அழுதாள். இதை அவள் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

இனி பந்தயத்துக்கு வருகிறேன். கௌட்டோவுக்குப் பந்தயக் கடையில் இப்போது ஏறத்தாழ ஐந்துக்கு நான்குதான் தருகிறார்கள். ஐந்து பவுண்டு வைத்தால் நான்கு லாபம். டென்மனுக்கு ஒன்றுக்கு நான்கு. வாத்தியாரின் நீல நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கணக்குப் போடு. கௌட்டோ ஒன்பது முறை ஓடினால் ஐந்து முறைக்கு மேல் ஜெயிக்கவேண்டும், அப்போதுதான் அந்த விலை கட்டும். டென்மன் ஐந்து முறையில் ஒருமுறைக்கு மேல் ஜெயித்தால் போதும். இந்தக் கோப்பையில் இரண்டு முறை ஓடி ஒரு முதலிடம், ஒரு இரண்டாமிடம் வாங்கிய குதிரைக்கு ஐந்தில் ஒரு வாய்ப்புதானா? சிறந்த குதிரை வேறு, சிறந்த பந்தயம் வேறு என்று வாத்தியார் சொல்லும்போதெல்லாம் நீதான் முதலில் தலையாட்டுவாய்.

1974ல் நம் சட்டமன்றம் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, இது சூதே இல்லை, குதிரையின் வம்சமும் பயிற்சியும் ஜாக்கியின் கையும் தெரிந்தவனின் வித்தை என்று அவர் டீக்கடை டீக்கடையாக வாதாடியது நினைவிருக்கிறதா? 1996ல் உச்ச நீதிமன்றம் அதையேதான் சொன்னது, குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று. அந்தச் செய்தியை நீ வெட்டி எனக்குத் தபாலில் அனுப்பினாய். அதைப் படிக்க அவர் இல்லையே என்று நான் இங்கே தனியாக உட்கார்ந்து வருந்தினேன். ஆனால் அதே கிண்டியில்தான் மாடி வீட்டு அண்ணன் அண்ணியின் வளையல்களை இழந்தார். அதையும் நான் மறக்கவில்லை. அதனால்தான் வருடத்தில் இந்த ஒரு நாள், இருபது பவுண்டு, அதற்கு மேல் ஒரு பென்னி கிடையாது.

எனக்குள் பயமும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். போன மாதம் நியூபரியில் டோனி மெக்காய் முதன்முறையாக டென்மன்மீது ஏறினார். கடைசி வேலிகளில் தடுமாறி அவரைக் கீழே தள்ளிவிட்டது. அந்தப் பந்தயத்தை யாருமே பந்தயமாக நினைக்கவில்லை, டென்மன் நடந்தே ஜெயிக்கும் என்றிருந்தார்கள். ஒரு புது ஜாக்கியும் ஒரு முரட்டுக் குதிரையும் ஒருவரையொருவர் இன்னும் கண்டுகொள்ளவில்லை. வால்ஷுக்கு இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளும் உரிமை இருந்தது, அவர் கௌட்டோவைத் தேர்ந்தெடுத்தார். இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர் அவர். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் கௌட்டோவும் வேலியில் தப்பு செய்யாத குதிரை இல்லை. ஆரம்பத்தில் கடைசி வேலியில் வந்து இடித்து நம் உயிரை எடுக்கும். 2005ல் எக்ஸிடரில் நடந்ததை உனக்கு எழுதினேனா? கடைசிக்கு முந்தின வேலியில் முன்னணியில் போனபோது விழுந்தது. வால்ஷ் எழுந்து ஓடிப்போய் மறுபடி ஏறி, அங்கவடியில் கால்கூட வைக்காமல் துரத்தி, தலையளவுகூட இல்லாத வித்தியாசத்தில் தோற்றார். பிறகு பார்த்தால் குதிரையின் பின்னங்காலில் எலும்பு விரிசல். அந்த வலியோடு ஓடியிருக்கிறது. விழுந்தபின் மறுபடி ஏறுவதைப் போன நவம்பரில் தடைசெய்துவிட்டார்கள், நல்ல காரியம். அந்த ஓட்டத்தை நினைத்தால் கௌட்டோவுக்கு எதிராகப் பணம் வைக்க என் கை கூசுகிறது என்பதும் உண்மை.

இன்னொன்று. இருவரைப் பற்றியே பேசுகிறோம். ஓடுவது இரண்டு குதிரை மட்டும் இல்லை. நவம்பரில் ஹேடாக்கில் கௌட்டோவை மூக்களவில்தான் விட்டுக்கொடுத்தது இம்பீரியல் கமாண்டர். கிங் ஜார்ஜில் பின்தங்கியதால் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆனால் அதன் லாயம் செல்டன்ஹாமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, போன வருடம் இதே விழாவில், இதே மைதானத்தில் ஒரு பந்தயத்தை ஜெயித்திருக்கிறது. அந்த மைதானத்தின் கடைசி ஏற்றம் தெரிந்த குதிரையைச் சும்மா விடக்கூடாது. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 22 வேலி தாண்டிய பிறகு ஒரு மேடு. அங்கே எத்தனையோ பேருடைய கணக்கு கலைந்திருக்கிறது. இன்று மாலையே பார்த்தேன், இதே நிக்கல்ஸின் மாஸ்டர் மைண்டட், போட்டதைவிடக் குறைவாகத் தரும் ஃபேவரிட், நான்காவதாக வந்தது. பிக் ஜெப் என்ற அயர்லாந்துக் குதிரை ஜெயித்தது. மைதானமே வாயடைத்துப் போயிற்று. உன் ‘கதை முடிந்தது’ என்ற வரி உடனே நினைவுக்கு வந்தது.

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டேன். என் இருபது டென்மன்மீதுதான். விலை நல்ல விலை என்று கணக்கு சொல்கிறது. கணக்கு சொல்லாவிட்டாலும் இந்த வருடம் நான் அதன்மீதுதான் வைத்திருப்பேன்.

உன் பேரில் இன்னொரு இருபது வைக்கப்போகிறேன். எந்தக் குதிரை என்பதை நீ சொல்லவேண்டும். கௌட்டோ என்றால் கௌட்டோ, நான் மறுபேச்சு பேசமாட்டேன். நாளை இரவு உன் நேரம் பத்து மணிக்குள் பதில் போடு. பந்தயம் இங்கே மூன்று இருபதுக்கு, உனக்கு இரவு எட்டு ஐம்பது. எட்டு மணிக்கே சாப்பிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள். முடிந்ததும் மைதானத்திலிருந்தே கூப்பிடுகிறேன், 60,000 பேர் சத்தத்தில் நீ சொல்வது கேட்காது, அதனால் கத்திப் பேசாதே, நான் பேசுவதை மட்டும் கேள்.

குதிரையின் பெயரோடு சேர்த்து, டாக்டரிடம் எந்தத் தேதி வாங்கியிருக்கிறாய் என்பதையும் எழுது.

உன்,
மணி