டியூனிங்குக்கு வர்றவரு ஜெராக்ஸும் சேத்துக் குடுக்கணுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மதுரை சிம்மக்கல்ல இருந்து எழுதுறேன், பியானோ டியூனிங் பண்றவன், அதாவது அதோட கம்பிகளுக்கு சுருதி சேக்குறவன். மதுரையில ஏதுய்யா பியானோன்னு சிரிக்காதீங்க, இருக்கு. பசுமலை பக்கம் பழைய பங்களா வீடுகள்ல இருக்கு, சர்ச்சுகள்ல இருக்கு, சில ஸ்கூல்ல இருக்கு, இப்ப கொஞ்ச வருசமா கே.கே.நகர் அண்ணா நகர் பக்கம் பிள்ளைங்கள கிரேடு எக்ஸாம், அதான் படிப்படியா வாசிச்சுக் காட்டுற பியானோ பரிட்சை, எழுத வைக்கணும்னு செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஹால்ல போட்டிருக்காங்க. இத மட்டும் நம்பி சோறு திங்க முடியாது, ஆர்மோனியத்துக்கு ரீடு மாத்துறது, கீபோர்டு ரிப்பேரு எல்லாம் சேந்துதான் வண்டி ஓடுது. எங்கப்பா ஆர்மோனியக்காரரு, காது அவர்கிட்ட இருந்து வந்தது.

விசயத்துக்கு வர்றேன். எங்க ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. வேலைய முடிச்சு டூல் பையக் கட்டும்போது, கஸ்டமர் கையில ஒரு கட்டு ஜெராக்ஸ் குடுக்குறது. பியானோவ எப்படிப் பாத்துக்கணும், எங்க வைக்கணும், எப்பப்ப டியூன் பண்ணணும்னு ஏதாவது வெளிநாட்டு புக்குல ஒரு சாப்டர அப்படியே காப்பி எடுத்தது, படம் எல்லாம் போட்டு அழகா இருக்கும். இப்ப ஜெராக்ஸும் போயி பி.டி.எஃப் வந்திருச்சு, முழு புக்கையே ஸ்கேன் பண்ணி வாட்ஸப்ல தட்டி விட்டுர்றாய்ங்க. நானும் ஒரு பத்துப் பன்னெண்டு வருசம் இதைத்தான் பண்ணுனேன், அதுல ஒரு பெருமை வேற, "இந்த டியூனரு புக்கு கூட குடுக்குறாருப்பா"ன்னு சர்ச்சுல நாலு பேரு சொல்றது காதுல விழுந்தா நல்லாத்தானே இருக்கும்.

அந்தப் பெருமை போன கதையச் சொல்றேன். அண்ணா நகர்ல ஒரு வீடு, அந்தப் பொண்ணுக்கு பதினோரு வயசு இருக்கும், கிரேடு எக்ஸாமுக்குத் தயாராகிட்டு இருந்துச்சு. அம்மா கேட்டாங்க, "அண்ணே, அந்த எக்ஸாம் புக்கு ரொம்ப வெல சொல்றாங்க, உங்ககிட்ட இருந்தா ஒரு காப்பி எடுத்துக் குடுங்களேன்". எங்கிட்ட இல்ல, ஆனா இன்னொரு கஸ்டமர் வீட்டுல இருந்துச்சு, ரெண்டு நாளுல தர்றேன்னு வாங்கிட்டுப் போயி கோரிப்பாளையத்துல ஒரு கடையில முழுசா ஜெராக்ஸ் போட்டேன். கடைப்பையன் "அண்ணே, ஸ்பைரல் பண்ணிரவா, மேல பிளாஸ்டிக் அட்டை போட்டுரவா"ன்னு கேட்டான், போடுறான்னு சொல்லி, நீல அட்டை போட்டு, டியூனிங்கோட இது ஃப்ரீன்னு அந்தம்மா கையில குடுத்துட்டு வந்தேன்.

எக்ஸாம் அன்னிக்கு காலையில போன் வருது. அந்த எக்ஸாமுக்கு ஒரிஜினல் புக்கோடதான் உள்ள போகணுமாம், ஜெராக்ஸ் வச்சு வாசிக்கக் கூடாதாம், வாசல்லயே கேட்டுட்டாங்களாம், பிள்ளை அழுதுக்கிட்டு நிக்குது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, நான் அப்ப திருமங்கலத்துல ஒரு சர்ச்சுல பியானோவப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கேன். கடைசியில இன்னொரு பிள்ளையோட அம்மா அவங்க புக்கக் குடுத்து சமாளிச்சுட்டாங்க, பொண்ணு பாசும் ஆயிருச்சு. ஆனா சாயங்காலம் அந்தம்மா போன்ல கோவமே இல்லாம "உங்கள நம்பித்தானேண்ணே வாங்குனோம்"னு சொன்னாங்க பாருங்க, திட்டியிருந்தா கூட பரவால்லன்னு தோணுச்சு.

அதுக்கப்புறம்தான் விசாரிச்சேன். ஒத்தக்கடையில இருக்குற ஹைகோர்ட் கிளைல பிராக்டிஸ் பண்ற வக்கீல் ஒருத்தரு நம்ம கஸ்டமரு, அவரு வீட்டு பியானோவுக்கு ஸ்டிரிங் மாத்தப் போனப்ப மெதுவா கேட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, காப்பிரைட் சட்டம் 1957ல வந்தது, அதுல 52வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, நீங்க உங்க சொந்தப் படிப்புக்குக் கொஞ்சம் காப்பி எடுத்துக்கிட்டா அதுல இடம் இருக்கு, வாத்தியாரு மாணவனுக்குப் பாடம் நடத்துறதுக்காக எடுத்தாலும் இடம் இருக்கு, டெல்லி யுனிவர்சிட்டி ஜெராக்ஸ் கடை மேல பெரிய பப்ளிஷருங்க போட்ட கேஸ்ல 2016ல டெல்லி ஹைகோர்ட் மாணவங்க பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சுன்னு. எனக்கு உடனே உசுரு வந்துச்சு, அப்ப நானும் தப்பிச்சேன்லன்னேன். "நீங்க வாத்தியாராண்ணே? கஸ்டமரு உங்ககிட்ட படிக்கிற பிள்ளையா? டியூனிங்குக்குக் காசு வாங்கிட்டு அதுகூட சேத்துக் குடுக்குறீங்க, அது உங்க வியாபாரத்துக்குப் பண்ற விளம்பரம்"னாரு. தெரிஞ்சே பண்ணுனா 6 மாசத்துல இருந்து 3 வருசம் வரைக்கும் ஜெயிலு, 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்னு சட்டத்துல இருக்காம். ஒரு டியூனரப் பிடிச்சு உள்ள போட யாரும் வரப்போறதில்ல, அது எனக்கும் தெரியும், ஆனா வயித்தக் கலக்குச்சு.

இதச் சொன்னா கூடத் தொழில் பண்றவங்க சண்டைக்கு வர்றாங்க. அறிவு எல்லாருக்கும் பொது, அதுக்கு எவன்டா பட்டா போடுறதுன்னு கேக்குறாய்ங்க. சரிதான், அறிவுக்குப் பட்டா இல்ல. மழைக்காலத்துல சவுண்ட்போர்டு, அதான் கம்பியோட சத்தத்தப் பெருசாக்குற மரப்பலகை, ஈரத்தக் குடிச்சு உப்பி சுருதி மேல ஏறும், வெயில்ல காஞ்சு சுருங்கி கீழ இறங்கும், இந்த விசயத்த யாரு வேணும்னாலும் சொல்லலாம், எழுதலாம். ஆனா அத ஒருத்தன் உக்காந்து, வரி வரியா எழுதி, படம் வரைஞ்சு, அச்சடிச்சு வச்சிருக்கான்ல, அந்த எழுத்தும் படமும் அவன் உழைப்பு. ஒரு பியானோவுல 88 கட்டை, கம்பி மட்டும் 230 கிட்ட இருக்கும், அம்புட்டும் சேந்து இழுக்குற இழுப்பு 18 டன்னு 20 டன்னு வரும், பக்கத்துக் கம்பி சத்தம் போடாம ஒவ்வொண்ணா ம்யூட் வச்சு அடைச்சு, காத வச்சு, திருகி முடிக்க எனக்கு மூணு மணி நேரம் ஆகுது. "சும்மா நாலு ஆணியத் திருகுறதுக்கா இம்புட்டுக் காசு"ன்னு கேட்டா எனக்கு எப்படி சுருக்குன்னு ஏறுது? எழுதுறவனுக்கும் அப்படித்தானே ஏறும்.

அமெரிக்காவுல பியானோ டெக்னீஷியன்ஸ் கில்டுன்னு டியூனருங்க சங்கம் ஒண்ணு இருக்கு, அதுவும் 1957லதான் ஆரம்பிச்சது, நம்ம காப்பிரைட் சட்டம் வந்த அதே வருசம். வீட்டுக்காரங்களுக்குப் புரியுற மாதிரி பியானோ பராமரிப்பு பத்தி அவங்களே நோட்டீஸ் எழுதி அச்சடிக்கிறாங்க, டியூனருங்க அதக் காசு குடுத்து வாங்கி கஸ்டமருக்குக் குடுக்கலாம். இங்க எங்களுக்கு சங்கமும் இல்ல நோட்டீசும் இல்ல, மதுரையச் சுத்தி இந்த வேலை தெரிஞ்சவங்களக் கூப்பிட்டா ஒரு டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சுரலாம்.

இன்னொரு கூத்து என்னன்னா, நான் குடுத்த அந்த ஜெராக்ஸ் நம்ம ஊருக்கு ஆகவே ஆகாது. அதுல முதல் பக்கத்துலயே "ஹீட்டர் பக்கத்துல பியானோவ வைக்காதீங்க"ன்னு இருக்கும். ஒரு டீச்சரம்மா, ரிட்டயர் ஆனவங்க, அத வரி விடாம படிச்சுட்டு என்னய போன்ல கூப்பிட்டு "தம்பி, எங்க கீசரு பாத்ரூம்ல இருக்கு, ஹாலுக்கும் அதுக்கும் இருவது அடி இருக்கும், பரவால்லயா"ன்னு கேட்டாங்க. குளிர்காலத்துல வீட்டக் காய வைக்கிற ஊருக்கு எழுதுனது அது. காத்துல ஈரப்பதம் 40ல இருந்து 50 சதவீதம் இருக்கட்டும்னு எழுதியிருக்கும், அக்னி நட்சத்திரத்துல மதுரையில ரூமுக்குள்ள அனல் அடிக்குது, ஐப்பசி கார்த்திகையில சுவரே வேர்க்குது, அந்த 40க்கும் 50க்கும் நாம எங்க போறது. நம்ம ஊரு பியானோவுக்கு எதிரியே வேற. எலி. கட்டைக்கு அடியில இருக்குற ஃபெல்ட்டு கம்பளியப் பிச்சு கூடு கட்டி, அங்கயே மூத்திரம் பேஞ்சு, கம்பியெல்லாம் துரு ஏறி, போன வருசம் ஒரு சர்ச்சு பியானோவத் திறந்தப்ப உள்ள இருந்து ஒரு பைபிள் கிளாஸ் நோட்டீசு, பொரிகடலை, செத்த பல்லி, எல்லாம் வந்துச்சு. எந்த வெளிநாட்டு புக்குலயும் இதுக்கு சாப்டர் கிடையாது.

அதனால நானே எழுத உக்காந்தேன். ஒரே தாளு, முன்னயும் பின்னயும். மழைக்காலத்துல கீழ ஒரு சின்ன குண்டு பல்ப எரிய விடுங்க, ஆனா மரத்துலயும் துணியிலயும் ஒட்டாம தள்ளி வைங்க, ஏசி காத்து நேரா பியானோ மேல அடிக்க விடாதீங்க, வெளிச்சுவரோட ஒட்டிப் போடாதீங்க, பூச்சிக்கு அந்துருண்டைய துணியில முடிஞ்சு போடுங்க கட்டை மேல படாம, மேல பூ ஜாடி வைக்காதீங்க, சாமி படத்துக்கு விளக்கும் ஏத்தாதீங்க, மழை ஓஞ்சு தை மாசத்துல ஒரு தடவையும் வெயில் தணிஞ்சப்புறம் ஒரு தடவையும் டியூன் பண்ணுங்க, இம்புட்டுதான். எழுத எனக்கு மூணு வாரம் ஆச்சு. சவுண்ட்போர்டுக்கு ஒலிப்பலகைன்னு போட்டேன், வீட்டுலயே யாருக்கும் புரியல, திரும்ப சவுண்ட்போர்டுன்னே மாத்துனேன். படம் எம்பொண்ணு வரைஞ்சா, எலிக்கு மீசை பெருசா வந்திருச்சு, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

பாட்டு நோட்டு கேக்குற கஸ்டமருங்களுக்கும் இப்ப வேற பதில் வச்சிருக்கேன். நம்ம சட்டப்படி எழுதுனவரு செத்து 60 வருசம் தாண்டிருச்சுன்னா அது பொதுச் சொத்து. பீத்தோவன் செத்தது 1827, விரல் பயிற்சிக்கு எழுதி வச்ச செர்னி 1857, ஹேனன் 1900, இவங்க எழுதுனத யாரும் கேக்க முடியாது, ஐ.எம்.எஸ்.எல்.பின்னு ஒரு வெப்சைட்ல பழைய பதிப்பெல்லாம் ஸ்கேன் பண்ணி சும்மாவே போட்டிருக்காங்க, அந்த லிங்க அனுப்பிருவேன். ஆனா அதே பீத்தோவன் பாட்ட ஒரு கம்பெனி போன வருசம் புதுசா விரல் நம்பரு போட்டு, குறிப்பு எழுதி புக்கு போட்டிருந்தா அந்த புக்க காப்பி எடுக்கக் கூடாது, பாட்டு அவருது, அந்த நம்பரும் குறிப்பும் இவங்களுது. இத விளக்கிச் சொல்றதுக்குள்ள நாக்கு தள்ளிரும், ஆனா சொல்றேன். எக்ஸாம் புக்கா, ஒரிஜினல் வாங்குங்க, பரிட்சை முடிச்ச பிள்ளைகிட்ட பழைய புக்கா வாங்குனா பாதி வெலைக்கு கிடைக்கும், அதுல ஒரு தப்பும் இல்ல. பாடத்திட்டம் மாறியிருக்கான்னு மட்டும் கேட்டுக்கங்க.

நம்ம ஊருல பாரதியார் பாட்டு உரிமைய 1949ல சர்க்காரே வாங்கி அப்புறம் ஜனங்களுக்குக் குடுத்துச்சு, அதனால இன்னிக்கு யாரு வேணும்னாலும் அச்சடிக்கிறோம். அது மாதிரி பெரிய வார்த்தையெல்லாம் என் ஒத்தத் தாளுக்குத் தேவையில்ல, இருந்தாலும் நானும் ஒண்ணு எழுதிக் குடுத்துர்றேன். என் தாள எந்த டியூனரும் ஜெராக்ஸ் போடலாம், கஸ்டமருக்குக் குடுக்கலாம், எங்கிட்ட கேக்க வேணாம், என் பேரும் அதுல இல்ல. ஒண்ணே ஒண்ணு, அந்துருண்டைய கட்டை மேல படாம போடச் சொன்ன வரிய மட்டும் யாரும் வெட்டிராதீங்க, ஏற்கனவே ஒருத்தரு சுருக்குறேன்னு அத வெட்டிட்டாரு.

உங்க ஞாயித்துக்கிழமை பக்கத்துல இடம் இருந்தா அந்தத் தாளப் போட முடியுமான்னு பாருங்கய்யா, இதோட சேத்து அனுப்பியிருக்கேன். எலி படம் இல்லாமக்கூட போடலாம், ஆனா எம்பொண்ணு கேப்பா.

இப்படிக்கு,
ஒரு பியானோ டியூனர்,
சிம்மக்கல், மதுரை.