செயினுக்கு எண்ணெய் விட்டா போதுமா, மாத்தணுமா? நம்ம சைக்கிள் கடைல இருந்து ஒரு மடல்

தூத்துக்குடி அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், ஸ்கூலுக்கு சைக்கிள்ல போற தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

மழை ஆரம்பிச்சாச்சு, உப்பளத்துல வேலை நின்னாச்சு, வழக்கம்போல கடை வாசல்ல ஓவராயிலுக்கு, அதாவது முழுசாப் பிரிச்சு சர்வீஸ் பண்ண, சைக்கிள் வரிசையா நிக்கு. எல்லாரும் கேக்கது ஒரே கேள்விதான், சர்வீஸ் பண்ணினா போதுமா இல்ல புதுசு போடணுமா. கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் நின்னு விளக்க முடியல, அதான் இந்த மடல். படிச்சு வச்சுக்கிட்டீங்கன்னா நம்ம கடைன்னு இல்ல, எந்தக் கடைக்குப் போனாலும் நீங்களே பாத்து முடிவு பண்ணலாம்.

அழுக்கு, காஞ்சு போன கிரீஸ், லூசு, வீல் கோட்டம் இதெல்லாம் கைவேலைல சரியாகும். இரும்பு தேஞ்சு போச்சுன்னா அத எந்த எண்ணெயும் திருப்பிக் கொண்டாராது. இத வச்சுதான் நாங்க முடிவு பண்ணுதோம்.

முதல்ல செயின், ஏன்னா இதுலதான் நெறைய பேருக்கு காசு வீணாகுது. செயின் நீண்டு போச்சுன்னு சொல்லுவோம்லா, உண்மைல தகடு இழுபட்டு நீளுறது இல்ல, ஒவ்வொரு பின்னும் அது உக்காந்திருக்க ஓட்டைக்குள்ள உரசி உரசி மயிரிழை தேயும், நூத்துச் சொச்சம் பின்லயும் அந்தத் தேய்மானம் சேந்து செயின் தொங்கும். தொங்குனதும் "ஒரு கண்ணி எடுத்து விடுங்க அண்ணாச்சி"ன்னு வாராங்க. கண்ணி எடுத்தா டைட் ஆகும், ஆனா மிச்சக் கண்ணிக எல்லாம் அதே தேய்மானத்தோடதான இருக்கு, பல்லுல சரியா உக்காராம மேல ஏறி ஏறி ஓடும், கொஞ்ச நாள்ல பின் வீல்ல இருக்க ஃப்ரீவீல் பல்லையும் மிதி பக்கம் இருக்க செயின்வீல் பல்லையும் கொக்கி மாதிரி வளைச்சிரும். அப்புறம் மூணையும் சேத்து மாத்தணும், அது வெறும் செயின் விலையப் போல பல மடங்கு.

வீட்டுல ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருந்தா நீங்களே பாக்கலாம். செயின டைட்டா பிடிச்சுக்கிட்டு ஒரு பின்னோட நடுவுல ஸ்கேல வச்சு அதுல இருந்து 24 பின் தள்ளி எண்ணுங்க, புது செயின்னா கரெக்டா 12 இஞ்ச் காட்டும். ஒரு நூல், அதாவது இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு, கூடுதலா இருந்துச்சுன்னா அந்த செயின் முடிஞ்சு போச்சு. கியர் சைக்கிள்னா அரை நூல் தாண்டுனதுமே மாத்திருங்க, அதுக்குப் பல்லு மெலிசு. அந்தந்த அளவுக்குள்ள இருந்தா மண்ணெண்ணெய்ல கழுவி காயவச்சு எண்ணெய் விட்டா போதும், புதுசு வாங்கவே வேண்டாம். செயின ரொம்ப நாள் தேய விட்டுட்டு புதுசு போட்டா பழைய பல்லுல அது குதிக்கும், செயின் சரியில்லன்னு திரும்ப வாராங்க, செயின்ல குத்தம் இல்ல, பல்லு போயிருக்கும்.

ஃப்ரீவீல் ரெண்டு பக்கமும் சும்மா சுத்துது, மிதிச்சா வண்டி நகரலன்னா பதறாதீங்க, பல்லு நல்லா இருந்தா பெரும்பாலும் உள்ள கடிச்சுப் பிடிக்கிற சின்ன நாக்கு பழைய கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், கழுவி எண்ணெய் விட்டா சரியாயிரும்.

அடுத்தது பால்ரஸ், வீல் லேசா சுத்த உள்ள போடுற இரும்புக் குண்டு. முன் வீலுக்கு ஒன்றரை நூல் குண்டு, பின் வீலுக்கு ரெண்டு நூல். ஒரு குண்டு உடைஞ்சா ஒண்ணு மட்டும் போடுங்கன்னு கேக்காங்க, நாங்க போட மாட்டோம், புதுக்குண்டு மத்ததவிட துளி பெருசா இருக்கும், மொத்த பாரமும் அது மேல விழுந்து, குண்டுக உருளுற கோன்ல குழி பறிச்சிரும். பால்ரஸ் விலை கம்மிதான், மொத்தமா மாத்துறதுதான் உங்களுக்கு லாபம். கோன கழட்டுனதும் உங்க கைலயே தருவோம், குண்டு ஓடுன தடத்துல நகத்த வச்சு ஓட்டிப் பாருங்க, வழுவழுன்னு போச்சுன்னா கிரீஸ் வச்சு அதையே திருப்பி மாட்டலாம், நகம் எங்கயாவது தட்டுச்சுன்னா புதுசுதான்.

மிதிக்கும்போது கடக் கடக்னு சத்தம் வந்தா அன்னைக்கே கொண்டாங்க, பெரும்பாலும் மிதிக்கட்டை இருக்க கிராங்க ஆக்ஸில்ல பிடிச்சு வைக்கிற காட்டர் பின் லூசா இருக்கும், சின்ன செலவு. அப்படியே ஓட்டுனா அந்த பிபி ஆக்ஸில்ல (நடு ஆக்ஸில்) பின் உக்காருற வெட்டு தேஞ்சிரும், பின்ன ஆக்ஸிலயே மாத்தணும்.

நம்ம ஊரு உப்புக்காத்து தனிச் சங்கதி. அளத்துல இருந்து வந்ததும் நல்ல தண்ணில கழுவி, துடைச்சு, ஈரம் காஞ்ச பிறகு எண்ணெய் விடுங்க. ஈரத்து மேலயே எண்ணெய் விட்டா உப்புத்தண்ணி உள்ளயே நின்னு அரிக்கும். பைக்ல இருந்து வடிச்ச வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம், அதுல கரியும் இரும்புத் தூளும் இருக்கு. போக்ஸ் கம்பி ஒண்ணு ரெண்டு போனா அத மட்டும் மாத்தலாம், அடிக்கடி உடைஞ்சுக்கிட்டே இருந்தா எல்லாத்தையும் மாத்தி வீல் கட்டுறதுதான் நல்லது, ரிம்ல கம்பி ஓட்டையச் சுத்தி துரு அரிச்சிருந்தா ரிம்மும் சேத்துதான்.

சில விஷயத்துல மட்டும் நாங்க பேரத்துக்கு வரமாட்டோம். பிரேக் கேபிள்ல ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் மாத்தணும், டயர்ல ரப்பர் தேஞ்சு உள்ள இருக்க நூலிழை தெரிஞ்சா மாத்தணும், தேஞ்ச பிரேக் கட்டைய மாத்தணும். ஃபோர்க்குல வெடிப்பு இருந்தா வெல்டிங் வச்சுத் தாங்கன்னு கேக்காதீங்க, பின்னால பிள்ளைய உக்கார வச்சு லாரி ஓடுற ரோட்டுல போறீங்க, அத நினைச்சா எங்களுக்கு மனசு வராது.

ஸ்கூல்ல குடுத்த விலையில்லா சைக்கிள், ஓடாம வீட்டுல கெடக்குன்னு எடைக்குப் போடப் போறீங்கன்னா ஒருதடவ இங்க கொண்டாங்க. ஃப்ரேம் நல்லா இருந்தா மத்த எல்லாமே கிடைக்கிற பார்ட்ஸ்தான், பாத்துச் சொல்லுறதுக்குக் காசு வாங்குறது இல்ல.

எத மாத்துனாலும் பழைய பார்ட்ஸ கவர்ல போட்டு பில்லோட தருவோம், வாங்கிப் பாத்துட்டுப் போங்க. ஓவராயிலுக்கு விடுறவங்க காலைலயே விட்டுட்டீங்கன்னா நல்லது, வண்டியப் பிரிச்சதும் போன் பண்ணுவோம், நீங்க சரின்னு சொன்ன பிறகுதான் புதுசு எதையும் மாட்டுவோம்.