90T என்று ஒட்டி 55T மெஷ் அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வீட்டிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் வாடிக்கையாளர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தவறான மெஷ் எண்ணிக்கையுடன் வந்த மூன்று அச்சுச் சட்டங்களுக்குப் (பிரேம்) பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்களிடம் 90T மெஷ், அதாவது சென்டிமீட்டருக்கு 90 இழை கொண்ட வலைத்துணி, கட்டிய அச்சுச் சட்டங்கள் மூன்று வாங்கினேன். ரசீதும் ஒட்டுத்தாளின் படமும் இத்துடன் இருக்கின்றன. ஒட்டுத்தாளில் 90T என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறீர்கள். உள்ளே கட்டியிருப்பது 90T அல்ல.

எழுத்து மட்டும் அடிப்பதாக இருந்தால் எனக்கு 43T போதும். ஆறு வருடங்களாக மஞ்சள் பைகளில் அதைத்தான் அடித்துவருகிறேன். இந்த முறை வந்தது ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கான தாம்பூலப் பை. தம்பதியின் பழைய புகைப்படத்தையே பையில் அச்சிட வேண்டும் என்று அவர்களுடைய மகள் கேட்டார். அதற்காகத்தான் அடர்த்தியான மெஷ் தேடி உங்களிடம் வந்தேன்.

படத்தைத் தயாரிக்க மூன்று இரவுகள் ஆயின. சாம்பல் நிறப் படமாக்கி, முகத்தின் வெளிச்சப் பகுதியில் குறைந்தது 8 சதவீதப் புள்ளி நிற்கும்படியும், கூந்தலின் கறுப்பு 90 சதவீதத்தைத் தாண்டாதபடியும் சரிசெய்தேன். பிறகு அங்குலத்துக்கு 45 வரி, 22.5 பாகைக் கோணம், நீள்வட்டப் புள்ளி என்று ஹாஃப்டோனாக (சிறிதும் பெரிதுமான புள்ளிகளால் ஆன படமாக) மாற்றி, மெஷ்ஷில் படத்தைப் பதிப்பதற்கான பாசிட்டிவை இங்க்ஜெட் பிலிமில் எடுத்தேன். ஒரு புள்ளிக்கு நான்கைந்து இழையாவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கடைப்பிடிக்கும் கணக்கு. 90T என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 229 இழை. 45 வரிக்கு அது சரியாகப் பொருந்தும்.

முதல் பையை அடித்ததும் அந்த அம்மாவின் கன்னத்தில் அலை அலையாகக் கோடுகள் தெரிந்தன. நெற்றியிலிருந்த மெல்லிய புள்ளிகள் அங்கங்கே காணாமல் போயிருந்தன. மெஷ்ஷில் பூசிய எமல்ஷனை (ஒளி பட்டால் இறுகும் பூச்சை) கழுவும்போதே கூந்தல் பகுதியின் சின்னஞ்சிறு திட்டுகள் தண்ணீரோடு உதிர்ந்ததைப் பார்த்தேன். உங்கள் உதவி மையத்துக்கு எழுதினேன். "கோணத்தை மாற்றிப் பாருங்கள், உங்கள் பிலிம் சரியில்லை" என்று பதில் வந்தது. நம்பி 15, 30, 45 பாகைகளில் மூன்று பாசிட்டிவ்கள் புதிதாக எடுத்தேன். அலை கன்னத்திலிருந்து நெற்றிக்கு நகர்ந்ததே தவிர மறையவில்லை. நாற்பது பைகள் வீணாயின. என் கையில்தான் குறை என்று இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்னிமலையில் தறி இல்லாத தெரு அரிது. பக்கத்து வீட்டு அண்ணன் பெட்ஷீட் நெய்பவர். சட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பாவும் ஊடையும் எண்ணுகிற பிக் கிளாஸை எடுத்துவந்து மெஷ்ஷின் மேல் வைத்தார். ஊசி முனையால் ஒவ்வோர் இழையாகத் தள்ளித் தள்ளி எண்ணினோம். ஒரு சென்டிமீட்டரில் 54 இழை. இன்னும் இரண்டு இடங்களில் எண்ணியபோது 55, 54. மற்ற இரண்டு சட்டங்களிலும் இதே கணக்குதான். அப்படியானால் ஒரு புள்ளிக்கு மூன்று இழைதான் கிடைக்கிறது. அலை எழாமல் என்ன செய்யும்? மெஷ்ஷை இழுத்துக் கட்டும்போது ஓரிரு இழை குறையும் என்பது எனக்குத் தெரியும். முப்பத்தைந்து இழை குறையாது.

என் எண்ணிக்கையையும் சோதித்துவிட்டேன். ஈரோட்டுக் கடையிலிருந்து வேறொரு 90T சட்டம் வாங்கி எண்ணியதில் 89 வந்தது. அதில் 22.5 பாகையில் எடுத்த அதே பாசிட்டிவையும் அதே எமல்ஷனையும் போட்டேன். முதல் இழுப்பிலேயே அந்த அம்மாவின் மூக்குத்தி வரை துல்லியமாக விழுந்தது. இரண்டு பைகளின் படங்களையும் அருகருகே வைத்து இணைத்திருக்கிறேன்.

நான் வணிகத்துக்காக வாங்கியதால் நுகர்வோர் ஆகமாட்டேன் என்று உங்கள் இரண்டாவது மின்னஞ்சல் சொல்கிறது. இது தவறு. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒருவர் வாங்கும் பொருளை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. என் தொழில் ஒரு மேசையும் இரண்டு கைகளும்தான்.

மூன்று சட்டங்களின் விலை, அனுப்பும் செலவு, வீணான நாற்பது பைகளுக்கும் மூன்று பிலிம்களுக்கும் உரிய தொகை ஆகியவற்றை 15 நாட்களுக்குள் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

பணத்தைவிட எனக்கு முக்கியமான ஒன்று உண்டு. இதே ஒட்டுத்தாளுடன் சட்டம் வாங்கிய மற்றவர்களுக்கும் எழுதித் தெரிவியுங்கள். அவர்களில் பலர் என்னைப் போல வீட்டில் இரவு விழித்துப் படம் தயாரிப்பவர்களாக இருப்பார்கள். இந்த நேரத்தில் நான்காவது பாசிட்டிவ் எடுத்துக்கொண்டிருக்கவும் கூடும்.

மூன்று சட்டங்களையும் ஒட்டுத்தாள் கிழியாமல் எடுத்துவைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் அவர் முன்னாலேயே எண்ணிக் காட்டி ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சென்னிமலை.

இணைப்பு: ரசீது, ஒட்டுத்தாள், பிக் கிளாஸ் வழியே எடுத்த மெஷ்ஷின் படம், இரண்டு பைகளின் படங்கள்.