கணுக்கால் வரை சாக்ஸ்

நியூபிரிட்ஜ், அயர்லாந்து
12.6.2024

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில்தான் விழுவதில்லை. போன் அடித்தால் மீட்டிங்கில் இருப்பதாக ஒரு வரி வருகிறது, ஞாயிற்றுக்கிழமையும் அதே வரி. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். தபாலில் வந்ததைப் பார்த்து மீட்டிங் என்று சொல்ல முடியாதே.

அம்மாவுக்கு இந்த வாரம் இரவு டியூட்டி. பாப்பா பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை லீவிங் சர்ட்டில் பாதியைத் தாண்டிவிட்டாள். கணக்கு முடிந்துவிட்டது, நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள். உனக்குத்தான் தெரியுமே, அவள் அப்படித்தான் எப்போதும் சொல்வாள். என் முழங்கால் மழைக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறது. லேப்டாப் சரியாகிவிட்டதா?

செவ்வாய்க்கிழமை ராயல் ஆஸ்காட் குதிரைப் பந்தயம் தொடங்குகிறது. வியாழக்கிழமை நீ ஆபீஸ் நண்பர்களோடு போவதாகப் பாப்பா சொன்னாள். எங்களிடம் சொல்லவில்லை, சரி. போகலாம், தப்பே இல்லை. ரெடிங்கிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரம். குயின் ஆன் என்க்ளோஷர் பகுதிக்கு டிக்கெட் என்றால் கோட்டும் டையும் கட்டாயம். சாக்ஸ் கணுக்காலை மூட வேண்டும், அது அங்கே எழுதி வைத்த விதி. நீ சாக்ஸ் இல்லாமல் ஷூ போட்டுக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு வந்தவன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடப் போகிறார்கள்.

கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள், போனை வெளியே எடுக்காதே. திருடனுக்காகச் சொல்லவில்லை.

இந்த வருஷம் நம்ம ஊர்க் குதிரைகளுக்கு நல்ல வருஷமாக இருக்கும் என்று லாயத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஐந்து நாள், நாளுக்கு ஏழு என்று முப்பத்தைந்து பந்தயம். முதல் நாளே செயின்ட் ஜேம்ஸ் பேலஸ் பந்தயம். நியூமார்க்கெட்டில் 2000 கினீஸ் பந்தயம் ஜெயித்த நோட்டபிள் ஸ்பீச்சும், இங்கே கர்ரா மைதானத்தில் ஜெயித்த ரோசாலியனும் மோத வேண்டிய இடம். இரண்டுமே இங்கிலாந்துக் குதிரைகள். நம்ம பக்கத்தில் ஹென்றி லாங்ஃபெல்லோ. எனக்கு ரோசாலியன்தான் படுகிறது. கர்ராவில் அவன் கடைசி ஒரு பர்லாங்கில் நீட்டிய நீட்டலை வேலி ஓரத்தில் நின்று பார்த்தேன். ஊர்ப்பாசம் கண்ணை மறைக்கக் கூடாது.

புதன்கிழமை அகஸ்ட் ரோடினைப் பார்த்துக்கொள். போன வருஷம் எப்ஸம் டெர்பி, பிறகு நம்ம ஐரிஷ் டெர்பி, இரண்டையும் ஜெயித்தவன் ஜூலைக் கடைசியில் ஆஸ்காட்டில் கடைசியாக வந்தான். நவம்பரில் அமெரிக்கா போய் பிரீடர்ஸ் கப் ஜெயித்தான். இந்த மார்ச்சில் துபாயில் மறுபடி வாலைப் பிடித்துக்கொண்டு வந்தான். போன மாதம் கர்ராவில் வைட் பர்ச்சிடம் தோற்று இரண்டாவது. ஒன்று சிகரம், இல்லாவிட்டால் குழி. அவனை ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது என்று புரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட குதிரையைப் பார்க்கத்தான் வேண்டும், அவன் மேல் காசு போடக் கூடாது. அதே நாள் ராயல் ஹன்ட் கப்பில் முப்பது குதிரைவரை ஓடும். நேர்கோட்டு மைலில் பாதி இந்த வேலியோரம், பாதி அந்த வேலியோரம் பிரிந்து ஓடும். கடைசிவரை யார் முன்னால் என்றே தெரியாது. அதில் காசு போடுவது குளத்தில் கல் போடுவது.

வியாழக்கிழமைதான் கோல்டு கப். 1807இல் தொடங்கியது. இரண்டரை மைல், அதாவது நம் கணக்கில் நாலு கிலோமீட்டர். ஆஸ்காட்டிலேயே எனக்குப் பிடித்த பந்தயம் அதுதான். ஐந்து பர்லாங் பந்தயத்தில் கண் சிமிட்டினால் முடிந்துவிடும். இதில் நாலு நிமிஷத்துக்கு மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யேட்ஸ் 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நாலு முறை ஜெயித்தது உனக்கு ஞாபகம் இருக்கும், மூன்றாவது தடவை நீ சோபாவிலிருந்து குதித்து விளக்கை உடைத்தாயே. இப்போது அவனுக்கு அங்கே வெண்கலச் சிலை இருக்கிறது. போனால் அதன் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. அதை மட்டுமாவது அனுப்பு.

இந்த வருஷம் கிப்ரியோஸ். 2022இல் ஜெயித்தவன். அந்த அக்டோபரில் பாரிஸில் இருபது லெங்த், அதாவது இருபது குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தான், நினைவிருக்கிறதா, நேராக ஓடாமல் குறுக்கே போய்க்கொண்டே ஜெயித்தான். அடுத்த வருஷம் தொடக்கத்தில் கால் மூட்டில் கோளாறு. திரும்ப ஓடுவானா என்பதே சந்தேகமாக இருந்தது. இலையுதிர் காலத்தில் வந்து இரண்டு முறை இரண்டாவதாக வந்தான், அதில் ஒன்று இதே ஆஸ்காட்டில் டிராலர்மேனிடம். இப்போது நாவனிலும் லெப்பர்ட்ஸ்டவுனிலும் ஜெயித்துவிட்டு வருகிறான். டிராலர்மேனும் வருகிறான். பயிற்சியாளர் வில்லி முல்லின்ஸின் வோபானும் வரலாம். அவன் வேலி தாண்டுகிற குதிரையாயிற்றே என்று உன் இங்கிலீஷ் நண்பர்கள் சிரித்தால் சைமனனைப் பற்றிச் சொல். முல்லின்ஸ் அவனை 2012இல் கொண்டுபோய் ஆஸ்காட் ஸ்டேக்ஸையும், நாலு நாள் கழித்து சனிக்கிழமை கடைசிப் பந்தயம் குயின் அலெக்ஸாண்ட்ராவையும் ஜெயித்தார். ஒரே வாரத்தில் ஐந்து மைலுக்கு மேல்.

பந்தயத்துக்கு முன்னால் பேடக்கில் குதிரைகள் நடக்கும்போது பார். நான் உனக்குக் காட்டிக்கொடுத்ததுதான். பின்கால் குளம்பு, முன்கால் பதிந்த இடத்தைத் தாண்டி விழ வேண்டும். கழுத்தில் வியர்த்தால் வெயில் என்று விடலாம், தொடைகளுக்கு நடுவில் நுரை தட்டினால் பயம். காது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தால் அவன் யோசிக்கிறான், நல்லது. எட்டு வயதில் நீ கர்ராவில் ஒரு குதிரையைக் காட்டி "இவனுக்கு இன்னைக்கு மனசு இல்லப்பா" என்றாய். அது கடைசியாக வந்தது. அன்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கிண்டியில் இருபது வருஷம் லாயத்தில் கிடந்த ஆட்களுக்கே வராத கண் என் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று.

அப்படிப் பெருமைப்பட்டிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. கண் இருக்கிறது என்று நினைக்கிறவன்தான் காசையும் எடுப்பான்.

வெள்ளிக்கிழமை கொரோனேஷன் ஸ்டேக்ஸ். மூன்று வயதுப் பெட்டைக் குதிரைகள், ஒரு மைல். பயிற்சியாளர் எய்டன் ஓப்ரையனின் ஓபரா சிங்கர் ஒரு பக்கம், அவர் மகன் டோனகாவின் போர்ட்டா ஃபார்ச்சூனா இன்னொரு பக்கம். போர்ட்டா ஃபார்ச்சூனா போன வருஷம் இதே ஆஸ்காட்டில் ஆல்பனி பந்தயம் ஜெயித்தவள், இந்த மே மாதம் 1000 கினீஸில் கழுத்தளவில் தோற்றாள். டோனகாவுக்கு உன் வயதுதான் இருக்கும். அப்பன் பயிற்சி கொடுத்த குதிரைகளில் ஜாக்கியாக ஏறிவிட்டு, இப்போது தனி லாயம் வைத்து அப்பனுக்கு எதிராகவே குதிரை விடுகிறான். கடைசி பர்லாங்கில் இரண்டும் சேர்ந்து வந்தால் அந்த மனுஷன் மனசு எந்தப் பக்கம் நிற்கும் என்று நினைக்கிறாய்?

வேலைக்கு ஒழுங்காகப் போகிறாயா? சாப்பாடு? அம்மா கேட்கச் சொன்னாள்.

மறுபடி சொல்கிறேன், கையில் கொண்டுபோகிற காசு தீர்ந்தால் அன்றைக்குத் தீர்ந்தது. போனை எடுக்காதே.

சரி, சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். மே 4ஆம் தேதி 2000 கினீஸில் சிட்டி ஆஃப் டிராய் ஓடினான். உலகமே அவன்தான் என்றது. போட்ட காசுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் லாபம் வரும், அவ்வளவு பெரிய ஃபேவரிட். ஒன்பதாவதாக வந்தான். 7ஆம் தேதி அம்மாவின் கிரெடிட் யூனியன் கணக்கிலிருந்து 600 யூரோ போயிருக்கிறது. அம்மா என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லேப்டாப் ரிப்பேர் என்று பாப்பாவிடம் சொன்னாயாம். இருக்கலாம். ஜூன் 1ஆம் தேதி அதே சிட்டி ஆஃப் டிராய் எப்ஸமில் டெர்பி ஜெயித்தான். நீ இங்கிலாந்து போன நாளிலிருந்து ஒரு டெர்பிக்கும் போன் பண்ணாமல் இருந்ததில்லை, "அப்பா பாத்தீங்களா" என்று. இந்த வருஷம் நான் ராத்திரி பதினொரு மணிவரை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம்மைக் கவிழ்த்த குதிரை நம்மிடம் காசு இல்லாத நாளில் ஜெயிப்பதைப் பார்க்க முடியாது. எனக்கு அது தெரியும்.

எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுத வேண்டும். பன்னிரண்டு வருஷமாக எழுதவில்லை.

2012. உனக்குப் பதினைந்து வயது. உன் கிளாஸ் பையன்கள் எல்லோரும் ஜூலையில் மூன்று வாரம் கனெமராவுக்கு ஐரிஷ் படிக்கப் போனார்கள். உனக்கும் பெயர் கொடுத்து முன்பணம் கட்டியிருந்தோம். பாக்கி 790 யூரோவை அம்மா ஒரு பழுப்புக் கவரில் போட்டு, மேலே உன் பெயரை எழுதி, போஸ்ட் ஆபீஸில் கட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். ஜூன் 21, வியாழக்கிழமை, கோல்டு கப் நாள். ஃபேம் அண்ட் குளோரி. முந்தின வருஷம் ஜெயித்தவன், இந்த வருஷமும் ஃபேவரிட். போஸ்ட் ஆபீஸுக்குப் போகிற வழியில்தான் அந்தப் பந்தயக் கடை. உனக்குக் கோர்ஸும் ஆகும், அம்மாவுக்கு ஊருக்கு டிக்கெட்டும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். கவரோடு கொடுக்க வெட்கமாக இருந்தது, அதனால் பணத்தை எடுத்துவிட்டுக் கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கலர் விஷன் ஜெயித்தான். ஃபேம் அண்ட் குளோரி முதல் மூன்றில்கூட இல்லை.

இடம் நிரம்பிவிட்டது, நாம் தாமதமாகக் கொடுத்துவிட்டோம் என்று உன்னிடம் சொன்னேன். அம்மாவிடமும் அதையேதான். முன்பணத்தோடு எல்லாவற்றையும் திருப்பித் தருவார்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டு, மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுத்தேன். நீ "பரவாயில்லப்பா" என்றாய். அந்த ஜூலை முழுக்க என்னோடு லாயத்துக்கு வந்து சாணி அள்ளினாய், சாயங்காலம் நியூபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு 99, அந்தச் சாக்லேட் குச்சி செருகிய ஐஸ்கிரீம், வாங்கித் தின்றோம். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்ததும் பையன்கள் கனெமராவில் நடந்ததையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள், உனக்கு மட்டும் எதுவும் புரியவில்லை என்று நீ ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாய். ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அதோடு விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இன்னும் இரண்டு வருஷம் போனேன். அந்தச் சாம்பல் குதிரை என்னைத் தள்ளி முழங்கால் உடைந்ததே, அப்போது கடைவரை நடக்க முடியவில்லை. அப்படியே நின்றுபோனது. மனத்திடம் எதுவும் இல்லை.

அதனால் உன்னைத் திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அம்மா இரவு டியூட்டி பார்த்துச் சேர்த்த பணம் அது, தம்பி. நீ இப்படிச் செய்யலாமா? படித்தவன், என் மாதிரி லாயத்தில் வளர்ந்தவனா நீ?

எங்கள் லாயத்தில் ஒருவர் சொன்னார், இங்கிலாந்தில் காம்ஸ்டாப் என்று ஒன்று இருக்கிறதாம். உன் பெயரை நீயே கொடுத்தால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஐந்து வருஷமோ ஆன்லைன் பந்தயக் கணக்கு எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறார்கள். காசு கிடையாது. சும்மா எழுதி வைக்கிறேன். லேப்டாப்தான் கெட்டுப்போனது என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடு.

ஊறுகாய் முடிந்திருக்கும், பாப்பா பரீட்சை முடிந்ததும் அனுப்புகிறோம். கோல்டு கப் நாலரை மணி வாக்கில். நான் கிச்சனில் டிவி போட்டுப் பார்ப்பேன், அம்மா மேலே தூங்கிக்கொண்டிருப்பாள், அதனால் சத்தம் இருக்காது. முடிந்ததும் கூப்பிடு, யார் ஜெயித்தாலும். கனெமரா விஷயத்தை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. நீ போன் பண்ணின பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்.

இதற்குள் இருபது பவுண்டு வைத்திருக்கிறேன், போன தடவை இங்கிலாந்து வந்தபோது மிச்சமானது. கிப்ரியோஸுக்கு இல்லை. ரயிலுக்கும் ஒரு ஐஸ்கிரீமுக்கும். சாக்ஸ் இல்லாவிட்டால் அதற்கும்.

அன்புடன்,
அப்பா