கார்லோவி வாரி ‘முழு நாள்’ பயணம்: புகார்

வணக்கம்.

போன மாதம் உங்கள் ஐரோப்பா குழுப் பயணத்தில் நானும் அம்மாவும் வந்திருந்தோம். ‘ஏழாம் நாள், செக் நாட்டின் கார்லோவி வாரியில் முழு நாள்’ என்று நீங்களே அச்சடித்துக் கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நோய் தீரக் குடிக்கும் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி இருபது நிமிடம்.

தலைநகர் பிராக்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர்தான். காலை எட்டரைக்குக் கிளம்பியும், திட்டத்திலேயே இல்லாத ஒரு கண்ணாடிப் பொருள் கடையில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டீர்கள். ஓட்டுநர் பேருந்தைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டதால், மூட்டுவலிக்கார அம்மா கடை வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் சாப்பாடு. ஊருக்குள் இறங்கும்போது மணி மூன்று.

அந்த ஊரில் ஊற்று நீரை மடக்கென்று குடிப்பதில்லை. பிடியே உறிஞ்சுகுழலாக இருக்கும் தட்டையான பீங்கான் கோப்பையில் பிடித்துக்கொண்டு, மெல்ல நடந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார்கள். மழையோ வெயிலோ அப்படி நடந்து குடிக்கத்தான் அந்த நீண்ட தூண் மண்டபங்கள். அம்மா ஆசை ஆசையாக நீலப்பூ போட்ட கோப்பை ஒன்று வாங்கி, வெள்ளை மர வேலைப்பாடு கொண்ட சந்தை மண்டபத்தில், மன்னர் நான்காம் சார்லஸ் பெயரில் இருக்கும் ஊற்றில் தண்ணீர் பிடித்தார். 60 டிகிரிக்கு மேல் சூடு. ஆறுவதற்குள் உங்கள் வழிகாட்டி “சீக்கிரம் குடிங்க, பஸ் கிளம்புது” என்று கத்த, அவசரத்தில் உறிஞ்சி நாக்கைச் சுட்டுக்கொண்டார். உப்பும் இரும்பு வாடையுமாக இருந்த அந்த ஒரு வாயோடு சரி, மீதியைக் கீழே கொட்டச் சொல்லிவிட்டார்கள்.

1881இல் கட்டி முடித்த மில் மண்டபம், 124 தூண்கள், உள்ளே ஐந்து ஊற்றுகள், அங்கிருந்து சில நிமிட நடைதான். உங்கள் விளம்பரத்தின் முதல் படமே அதுதானே! அதைத்தான் நாங்கள் பார்க்கவில்லை. கேட்டதற்கு “நேரமில்லை, எல்லாம் ஒரே தண்ணிதான்” என்று பதில். ஒவ்வொரு ஊற்றுக்கும் சூடு வேறு, எதை எவ்வளவு குடிப்பது என்று அங்கே மருத்துவர்தான் சொல்லி அனுப்புகிறார். இது தெரியாத ஒருவரை வழிகாட்டியாக அனுப்பியது உங்கள் தவறு.

அந்த ஒரு நாளுக்கான கட்டணத்தை எங்கள் இருவருக்கும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். அடுத்த குழுவுக்குக் கொடுக்கும் தாளில் கடையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து அச்சடியுங்கள், இல்லையென்றால் ‘முழு நாள்’ என்பதை எடுத்துவிடுங்கள். பயணத் தாள், கட்டண ரசீது, நேரம் தெரியும் புகைப்படங்கள் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.